கப்பலுக்கு மட்டும் பாப்பா

பயணம் உறுதியான கடிதம் மின்னஞ்சலில் வந்தது ஜூன் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை. அதை அச்செடுத்துப் படித்தவள் நான். வீட்டில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். கிருபா மிஸ் மாலை ஆறு மணிக்கு நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு நான்கு மாதமாகப் போகிறேன். தினமும் ஐந்து வரி ஆங்கிலத்தில் டைரி எழுத வேண்டும் என்பது மிஸ்ஸின் விதி. ஐந்து வரியில் அடங்காததைத் தமிழில் எழுதி வைப்பேன். இது அப்படி எழுதியவற்றைச் சேர்த்தது. விட்டுப்போனது இருக்கலாம்.

அக்கா வீட்டுக்காரர் லிங்கராஜ் அத்தான் கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறார். நிறைய விற்ற டீலர்களைக் கம்பெனி இந்த வருடம் கப்பலில் கூட்டிப் போகிறது. சென்னைத் துறைமுகத்தில் வெள்ளிக்கிழமை ஏறி, இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டு, ஞாயிறு காலை அங்கேயே இறங்க வேண்டும். ஓர் அறைக்கு நான்கு படுக்கை. அத்தான், உமாராணி அக்கா, அவர்கள் பிள்ளை செல்வமாரி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் கப்பல்காரர்களிடம் ஆங்கிலம் பேசவும் நான்.

கடிதத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. என் பெயருக்கு முன்னால் மிஸ் என்று போட்டிருந்தது. செல்வமாரி பெயருக்கு முன்னாலும் மிஸ் என்றே போட்டிருந்தது. சின்னப் பையன்களுக்கு மாஸ்டர் என்று போட வேண்டும் என்பதை முந்தின வாரம்தான் வகுப்பில் படித்திருந்தோம். நான் படித்தது தப்போ என்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். தப்பில்லை. செல்வமாரி பையன்.

பிறகு அவனுடைய ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பெண் என்று இருந்தது.

அட்டைப் படத்தில் அவன் இரட்டைச் சடை போட்டு, கனகாம்பரம் வைத்து, நெற்றியில் பொட்டோடு இருக்கிறான். எட்டாம் மாதத்தில் பிறந்து, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளை. பிழைத்தால் மூன்று வருடம் முடி வளர்த்து இருக்கங்குடி மாரியம்மன் கோவிலில் இறக்குவதாக அக்கா நேர்ந்திருந்தாள். வருகிற ஆடி கடைசி வெள்ளியோடு மூன்று வருடம் முடிகிறது. ஆதார் எடுத்த முகாமில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் சடையைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், பெண் என்று போட்டுவிட்டார். கூடப் போனவள் நான். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், பின்கோடு என்று நான்கையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சரிபார்க்க ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் அத்தான் சாப்பிட வந்தபோது சொன்னேன்.

"இத்தனை நாளு நீ என்னத்தப் படிச்ச?" என்றார் அத்தான்.

"இப்பத்தான் அத்தான் கடிதம் வந்திருக்கு."

"கடிதத்தச் சொல்லல. கார்டு வந்து ஒரு வருசம் ஆச்சுல்லா?"

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவளை எதுக்கு ஏசுதீங்க? நீங்களும் நானுந்தான் பாத்தோம். படம் நல்லாருக்குன்னு சிரிச்சோம்," என்றாள்.

அட்டையைத் திருத்த முப்பது நாள் ஆகலாம் என்று விசாரித்த இடத்தில் சொன்னார்கள். எங்களுக்கு இருந்தது பதினாறு நாள். அத்தான் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டார். ஆதாரில் இருப்பதும் சீட்டில் இருப்பதும் ஒத்துப்போனால் போதும் என்று பதில் வந்தது. அவை ஒத்துத்தான் போயின. ஒத்துப்போகாதது பிள்ளை மட்டும்.

"பொறவு என்ன? சடை கெடக்கு, பூ வச்சு விடு. கவுனப் போட்டு விடு. கப்பல் ஏறுத வரைக்கும் பாப்பா. ஏறுன பொறவு யாரு கேக்கப் போறா?" என்றார் அத்தான்.

பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னேன். ஒரு பேப்பர் ஆண் என்றும் இன்னொன்று பெண் என்றும் சொன்னால், யார் பிள்ளையையோ தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நினைப்பார்கள், அதை வீட்டிலேயே வை என்றார். சரி என்றேன். அவர் சொன்னது தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சரி என்றும் தோன்றவில்லை.

கைகழுவிவிட்டு வந்து இன்னொன்றும் சொன்னார். "ஒருவேளை அங்கன ஆகலைன்னா நீங்க மூணு பேரும் அப்படியே ரயில் ஏறிருங்க. நான் போயிட்டு வந்திருதேன். நாம போகலைன்னா கம்பெனில மரியாதையா இருக்காது."

அக்கா எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கல்யாணமான ஆறு வருடத்தில் அவள் மதுரையைத் தாண்டியது இரண்டு முறை, இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. ஒரு மாதமாக மாரியை மடியில் வைத்துக்கொண்டு போனில் கப்பல் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையாவது மாடியில் நீச்சல் குளம், எந்தப் பக்கம் சூரியன் மறையும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிள்ளையை ஏற்றாவிட்டால் அவளும் ஏற முடியாது.

சடையும் கவுனும் சிரமமில்லை. சிரமம் அவன் வாயில் இருந்தது. பஸ்ஸில், கடையில், கோவிலில் யாராவது அவனைப் பாப்பா என்று கூப்பிட்டால் உடனே, "நான் பாப்பா இல்ல, தம்பி," என்பான். பேசத் தொடங்கியதிலிருந்து அவன் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மாள் கன்னத்தைக் கிள்ளி, "ஏட்டி, என் கூட வாரியா?" என்றதற்கு, வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். அந்த அம்மாள்தான் தன் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிப் போனார்.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தினமும் நாலரையிலிருந்து ஐந்து வரை. நான் மேஜைக்குப் பின்னால் ஆபீசராக உட்காருவேன். அவன் பையோடு வருவான். பெயர் கேட்பேன். பிறகு, "நீங்க பாப்பாவா, தம்பியா?" என்பேன். பாப்பா என்று சொன்னால் ஒரு துண்டு கடலைமிட்டாய். ஒரு நாளைக்குப் பத்து முறை. எத்தனை சரி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாளும் பூஜ்யம். மூன்றாம் நாள், "சித்தி, மிட்டாய் தா, பொறவு சொல்லுதேன்," என்று வாங்கித் தின்றுவிட்டு, "தம்பி," என்றான். ஐந்தாம் நாள் நான்கு. எட்டாம் நாள் ஒன்பது. பத்தாம் நாள் பத்துக்குப் பத்து. அன்று வகுப்பில் சாதனை என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். நான் இதை எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் பல் தேய்த்துவிட்டபோது அவன் கேட்டான். "சித்தி, இன்னிக்கு நான் யாரு?"

"மாரி," என்றேன்.

அது அவன் கேட்டதற்குப் பதிலில்லை என்பது தெரிந்தது. அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் மறந்துவிடுவான் என்றும் யோசித்தேன். நிறுத்தவில்லை. அன்றும் பத்துக்குப் பத்து. அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை புறப்படும்போது பிறப்புச் சான்றிதழை எடுத்து என் கைப்பையின் உள்பக்கம் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குத் துறைமுகத்தில் வரிசையில் நின்றோம். வேறு ஊர் டீலர்கள் முப்பது குடும்பம் இருக்கும். குளத்தூர் கிங்ஸ்டன் அண்ணாச்சி எங்களுக்கு முன்னால் நின்றார். "ஏலே லிங்கராஜ், நம்மூர்ல எழுநூறு அடி போர் போட்டாலும் புழுதிதாம்லே வருது. இங்கன பாரு, மோட்டாரே இல்லாம கெடக்கு தண்ணி. நம்ம பொழப்பு இந்தப் பக்கம் ஓடாது," என்றார். அத்தான் சத்தமாகச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

மாரி ரோஸ் கலர் கவுனில் இருந்தான். அக்கா பின்னிவிட்ட சடையில் மல்லிகை.

கவுண்டரில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் இருந்தாள். தமிழ்ப் பெண்தான். அட்டைகளை வாங்கினாள், திரையைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தானுக்கும் அக்காவுக்கும் எனக்கும் கப்பல் ஏறும் அட்டை அச்சாகி வந்தது. நான்காவதும் அச்சாகி வந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. நான்கையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, விளையாட்டாகத்தான் குனிந்து, "பாப்பா பேரு என்ன?" என்றாள்.

"செல்வமாரி," என்றான்.

"அழகா இருக்கே. பாப்பாவுக்குச் சடை யாரு போட்டு விட்டா?"

அது நாங்கள் பழகாத கேள்வி. மாரி திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை லேசாக அசைத்தேன்.

"நான் பாப்பா," என்றான். பயிற்சியில் சொல்வதைப்போலவே, நன்றாகக் கேட்கும்படி.

"ஆமா, நீங்க பாப்பாதான்," என்று அவள் சிரித்தாள்.

அத்தான் அட்டைகளைச் சேர்த்து எடுத்தார். அப்போது அக்கா கவுண்டரில் கை வைத்தாள்.

"அவன் பாப்பா இல்லம்மா. பையன். நாங்கதான் அப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்தோம்."

"ஏ, உமா!" என்றார் அத்தான்.

நீலக் கோட்டுப் பெண் அக்காவையும் மாரியையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மாரியின் அட்டையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டாள். வேறு சான்று இருக்கிறதா என்று கேட்டாள். நான் கைப்பையைத் திறந்து சான்றிதழைக் கொடுத்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. கண்ணாடி போட்ட ஓர் ஆள் வந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஓரமாக இருந்த நாற்காலிகளைக் காட்டினார். அப்போது பதினொன்று பத்து.

முதல் கால் மணி நேரம் அத்தான் எங்களோடு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சு போன காரியத்த..." என்று இரண்டு முறை தொடங்கினார், இரண்டு முறையும் முடிக்கவில்லை. கவுண்டரில் நடந்ததைக் கேட்டிருந்த கிங்ஸ்டன் அண்ணாச்சி உள்ளே போகும் வழியில் எங்கள் முன்னால் நின்றார். "என்னம்மா உமா, எனக்கு மருமகனா மருமகளா, ஆபீசருமாரு இன்னும் முடிவு பண்ணலையா?" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அத்தானைத் தோளில் தட்டி, "வாலே, எல்லாரும் ஏறுதாவ," என்றார்.

"நான் உள்ள போயி கம்பெனி ஆளப் பாத்துப் பேசுதேன்," என்று அத்தான் எழுந்தார். அக்கா தலையாட்டினாள். அவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனார். திரும்பி வரவில்லை.

"எதுக்குக்கா சொன்ன? அதான் முடிஞ்சிட்டே," என்று கேட்டேன்.

"அவன் உன்னப் பாத்துட்டுல்லாட்டி சொன்னான்."

"அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தேன்."

"அதான்," என்றாள் அக்கா.

கதவு வழியாகக் கப்பலின் ஒரு பகுதி தெரிந்தது, வெள்ளைச் சுவரும் வரிசையாக ஜன்னல்களும். அக்கா அதைப் பார்க்காமல் மாரியின் சடையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரயில் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு இருபதுக்குக் கண்ணாடிக்காரர் வந்தார். ஊர் எது என்று கேட்டார். கோவில்பட்டி என்றோம். நேர்ச்சை முடியா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அக்கா. போன வாரமே ஒரு போன் போட்டிருந்தால் சான்றிதழைப் பார்த்துச் சீட்டில் மாற்றிக் கொடுத்திருப்போம், ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ஆதாரைத் திருத்துங்கள் என்றார். நீலக் கோட்டுப் பெண் விசையைத் தட்டினாள். மாஸ்டர் செல்வமாரி என்று புது அட்டை வந்தது. தட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினாறு நாளில் அந்தப் போனைப் போட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அத்தான் கப்பலின் உள்வாசலில் நின்றிருந்தார். "முடிஞ்சிதா?" என்றார். அக்கா மாரியை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். அறைக்குப் போனதும் கவுனைக் கழற்றி, டவுசரும் சட்டையும் போட்டுவிட்டாள்.

மாலை ஐந்தே காலுக்கு மேல்தளத்துக்குப் போனோம். கரை தெரியவில்லை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். சூரியன் இறங்குவது அவள் சொன்ன பக்கத்தில்தான். அத்தான் மற்ற டீலர்களோடு தூரத்தில் இருந்தார். மாரி குழாயில் பிழிந்து ஐஸ்கிரீம் கொடுக்குமிடத்தைக் கண்டுபிடித்து எங்களை இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே நின்ற ஆள் வடக்கத்திக்காரர். மாரியிடம் குனிந்து, "மேங்கோ? சாக்லேட்?" என்றார். இரண்டும் அவனுக்குத் தெரிந்த சொற்கள்தான். வீட்டில் என்றால் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பான்.

மாரி என் முகத்தைப் பார்த்தான்.

நான் சிரிக்கவில்லை, தலையசைக்கவும் இல்லை. ஆனாலும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த ஆள் மறுபடியும் கேட்டார். மாரி மறுபடியும் என்னைப் பார்த்தான்.

"ஏட்டி," என்றாள் அக்கா. "நீ அங்கிட்டுத் திரும்பு."

திரும்பினேன். அந்தப் பக்கம் தண்ணீர் மட்டும் இருந்தது. பின்னால் சத்தமில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது வரை எண்ணியபோது, "சாக்லேட்," என்ற குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "இல்ல, மேங்கோ," என்றது.

"ரெண்டும் தாங்க," என்று அக்கா அந்த ஆளிடம் தமிழிலேயே சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டது போல. அவன் தின்று முடிக்கும் வரை நான் திரும்பவில்லை.