ராசிக்கின் குழாயில் நிறமில்லை

உயிர் இரசாயனம் படிக்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கணக்குப் படிக்கிறவன் பிழைவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுக்கலாம். இவனோ சில நாள்களில் தன் உடம்பையே சோதிக்க வேண்டியிருக்கும். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த வருசம், நோன்பு மாதத்தில், கல்லூரிச் செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு கண்ணாடிக் குவளையைக் கொடுத்து, அவரவர் சிறுநீரை அவரவரே சோதிக்கும்படி சொல்லிவிட்டார் ஒஸ்வால்ட். செய்முறைகளைக் காட்டித்தருகிற பறங்கி இளைஞர் அவர். நெளிந்தவர்களைப் பார்த்து, இதற்கே இப்படியென்றால் இந்தப் படிப்புக்கு ஏன் வந்தீர்கள் என்று சிரித்தார்.

மஷூர் நெளியவில்லை. வெள்ளவத்தையிலிருந்து ஒருநாளும் பிந்தாமல் வருகிற பிள்ளை அவன். சொன்னபடி சிறுநீரில் உப்பைக் கரைத்தான், சிவப்புப் பளிங்கில் ஒரு துணுக்கைப் போட்டான், மேலே அமோனியாவை மெல்ல வார்த்தான். இரண்டும் தொடுகிற இடத்தில் நல்ல ஊதா நிறத்தில் ஒரு வளையம் எழுந்தது. அழகாயிருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தான். பிறகுதான் அந்த நிறத்தின் பொருள் உறைத்தது. வகுப்புத் தொடங்கும்போது ஒஸ்வால்ட் விளக்கியிருந்தார்: இந்த ஊதா முக்கியமாக இரண்டு பேரிடம் வரும். ஒருவன் பட்டினி கிடப்பவன். மற்றவன் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முற்றியவன்.

மஷூரின் நானா, மூத்த சகோதரன் றவூப், அந்தச் சீனி வருத்தத்தில்தான் போனான். இருபத்திரண்டு வயது. தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, கண்முன்னே உருகி, கடைசியில் மயங்கியவன் எழும்பவேயில்லை. அந்த மையித்தைக் குளிப்பாட்டிய கையோடுதான், இந்த வருத்தம் என்னவென்று அறிந்தே தீருவதென்று மஷூர் இந்தப் படிப்புக்கு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? சீனியை விட்டான். சோற்றையும் பாதியாகக் குறைத்தான். நோன்பு மாதத்தில் விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டுக்குக்கூட ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியோடு எழும்பிவிடுவான். உம்மா ருக்கியா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

நோன்பும் பட்டினிதானே என்ற எண்ணம் அவனுக்கு வராமலில்லை. வந்ததும் மூச்சு வந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற ராசிக்கின் குழாயைப் பார்த்தான். கொட்டாஞ்சேனைப் பையன், வகுப்பில் இவனைத் தவிர இருக்கிற ஒரே முஸ்லிம், இவனைப் போலவே நோன்பாளி. அவன் குழாயில் ஊதாவின் சாயல்கூட இல்லை. வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. அப்போ நோன்பு காரணமில்லை. மிச்சமிருப்பது ஒன்றுதான்.

சீனியைக் கண்டுபிடிக்கும் நீலத் திரவம் அதே மேசையில்தான் இருந்தது. அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். மூளை உள்ளவன் அதைத்தான் செய்வான். பயந்தவனுக்கு மூளை எங்கே இருக்கிறது? மஷூர் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலையிடி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த நாளும் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் பின்னேரம் ராசிக் தேடிக்கொண்டு வந்தான். வீட்டில் கதைக்க முடியாதென்று இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்து, ரயில்பாதையைக் கடந்து, கற்களில் உட்கார்ந்தார்கள். மஷூர் எல்லாவற்றையும் கொட்டினான். படிப்பை நிறுத்தப்போவதாகவும், இருக்கிற கொஞ்சக் காலத்தை உம்மாவோடு கழிக்கப்போவதாகவும், உம்மாவுக்கு மட்டும் இது தெரியக்கூடாதென்றும் சொன்னான்.

ராசிக் ஊதா வளையத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். என் குழாயைப் பார்த்தா அப்படி முடிவெடுத்தாய் என்று கேட்டான். ஓம் என்றதும் எழும்பி, சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"மச்சான், ஒனக்கிட்ட ஒண்டு செல்லணும். வேற ஆருக்கிட்டயும் செல்லிராத."

"என்ன?"

"நான் நோன்பு புடிக்கல்ல. அண்டைக்கும் இல்ல, இந்த மாசம் பாதி நாளும் இல்ல. கொட்டாஞ்சேன சைவக் கடைக்குள்ள போய் மூணு தோச திண்டுட்டுத்தான் வகுப்புக்கு வந்த."

ராசிக் நிறுத்தவில்லை. அந்தக் கடைக்கு நம்மட ஆக்கள் வரமாட்டார்கள், யாரும் காணமாட்டார்கள் என்றுதான் போனேன். பசி தாங்க முடியவில்லை. வாப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்றான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மனிதரின் மகன் அவன். அந்த வாயிலிருந்து இது வருவதென்றால் லேசான காரியமில்லை. அது மஷூருக்கு அப்போதே புரிந்தது. கோபப்பட வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, கோபம்தான் வரவில்லை. ராசிக் நோன்பில்லையென்றால், ஊதாவுக்கு நோன்பே காரணமாயிருக்கலாம். யாரோ நெஞ்சின் மேலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது.

அடுத்த நாள் காலை, வகுப்புத் தொடங்குமுன் ராசிக்தான் அவனைக் கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிப் போனான். ஒஸ்வால்டிடம் அனுமதி கேட்டதும் அவன்தான். நீலத் திரவத்தில் மஷூர் எட்டுச் சொட்டு விட்டான். குழாயை விளக்கில் பிடித்தது ராசிக். சீனி இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், முற்றினால் செங்கல் நிறமாகும். கொதித்தது. நீலம் நீலமாகவே நின்றது. ஒஸ்வால்ட் எட்டிப் பார்த்துவிட்டு, சீனியே இல்லை, ஊதா வந்தது பட்டினியால்தான் என்றார். நோன்பாளி விடியுமுன்னாவது வயிறாரச் சாப்பிடக்கூடாதா என்றும் கடிந்துகொண்டார். நானாவின் வருத்தம் தனக்கும் வந்துவிடுமென்று பயந்து சோற்றைக் குறைத்தவன், அந்தப் பயத்தாலேயே ஊதாவை வரவழைத்திருக்கிறான். மஷூர் சிரித்தான். சிரிப்பு எங்கே அழுகையானதென்று அவனுக்கே தெரியவில்லை. ராசிக் அவனை மறைத்தாற்போல நின்றுகொண்டான்.

அன்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் மஷூர் ஈத்தம்பழத்தால் நோன்பைத் திறந்து, நோன்புக் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினான். மறுபடி நீட்டினான். சோறு இருக்கிறதா என்றும் கேட்டான். ருக்கியா அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"நீ மெலிஞ்சு போறத்த நான் பாத்துட்டுத்தான் மகன் இருந்த. றவூபும் இப்படித்தான் மெலிஞ்சான். ஒனக்கிட்டக் கேக்கப் பயந்து வாய மூடிட்டு இருந்த."

தான் உம்மாவிடம் மறைத்த பயத்தை, உம்மா தன்னிடம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வருத்தம் ஒண்டுமில்ல உம்மா. சோதிச்சுப் பாத்துட்டன். வெறும் பசி."

ருக்கியா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, சோற்றுப் பானையையே தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.