வெயிலில் வைத்துப் பார்த்த பின்பால்

என் வீட்டுக்காரர் அய்யாதுரை எதையும் வெயிலில் வைத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். டியூப் லைட் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. கத்திரிக்காயைக்கூட வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் முற்றத்துக்கு வந்து நிற்கச் சொன்னார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அவருக்குப் பின்பால் ஆசை பிடித்தது. ஏதோ கிளப்பில் ஒருநாள் ஆடிவிட்டு வந்தார். கண்ணாடிக்குக் கீழே சரிவான பலகை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, முட்டி மோதி, மணியடித்து, நம்பரை ஏற்றிக்கொண்டே கீழே இறங்கும். குழிக்குள் விழாமல், பக்கத்துப் பொத்தானை அமுக்கி இரண்டு துடுப்புகளால் தட்டிவிட வேண்டும். இவ்வளவுதான். இதற்காகக் கூடத்து ஜன்னலோரம் இருக்கும் என் தையல் மிஷினைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போடப் போகிறாராம்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான். அங்கே உட்கார்ந்தால் தெரு தெரியும், காற்று வரும், யார் கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி இருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வாங்கிவிடுவார். "நானும் வாரேன்" என்று கிளம்பினேன்.

பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில் குலாம் ரசூல் பாயின் பழைய சாமான் கடை. மூன்று பின்பால் நிறுத்தியிருந்தார். இவர் மூன்றையும் ஆடிப் பார்த்தார். ஆடினார் என்பதைவிட அடித்தார் என்று சொல்லலாம். ரொம்பக் குலுக்கினால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொன்றும் இரண்டு தடவை நின்றது.

"நல்ல சரக்க உள்ள வச்சிருப்பீரே, அத எடும்" என்றார்.

"இன்னா மொதலாளி, உள்ள என் சாப்பாட்டுக் கேரியர்தான் கீது" என்றார் பாய்.

கடைசியில் கப்பல் படம் போட்டது இவருக்குப் பிடித்தது. "வாசல்ல வச்சுக் காட்டும். கலர் தெரியணும்லா."

"இது இன்னா பொடவையா, வெயில்ல காட்டுறதுக்கு?"

"என் கடையில ஒருத்தி நூறு சேலைய வாசலுக்குத் தூக்கிட்டுப் போறா. நான் ஒண்ணும் சொல்லுதேனா?"

பாய் தலையில் அடித்துக்கொண்டு நாலு ஆளைக் கூப்பிட்டார். நீள வயர் இழுத்து, பிளாட்பாரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பட்டப்பகலில் தெருவில் மணி அடித்தால் கேட்க வேண்டுமா? பூக்காரி, ரிக்‌ஷாக்காரர், மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தவர் எல்லாரும் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் இவர் ஆடினார். நம்பர் நானூறைத் தொட்டது. மீசையைத் தடவிக்கொண்டு, "இதையே முடிச்சிருவோம்" என்றார்.

எங்கள் வீட்டில் முன்பு ஒரு கேரம் போர்டு இருந்தது. நான் மூன்று நாள் தொடர்ந்து இவரை ஜெயித்தேன். நாலாம் நாள் அது நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த நினைப்பு சரியான நேரத்தில் வந்தது.

"என்னங்க, நானும் ஒரு தடவ ஆடிப் பாக்கட்டா?"

பெருந்தன்மையாக நகர்ந்தார். "பாத்து இழு, சண்முகவடிவு. கை சுளுக்கிக்கிடாத."

முதல் குண்டு இழுத்த வேகத்தில் குழிக்குள் போனது. இவர் சிரித்தார். இரண்டாவதில் எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. தையல் மிஷினில் துணி ஓடும்போது அதை இழுக்கக் கூடாது, கூடவே போக வேண்டும். இதுவும் அப்படித்தான். முந்நூறு ஆயிற்று. மூன்றாவது குண்டு இறங்கவே மாட்டேன் என்றது.

"உடாதக்கா! லெப்ட்டுல தட்டு, லெப்ட்டுல!" என்று ரிக்‌ஷாக்காரர் கத்தினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு ஜன்னலும் ஞாபகமில்லை, புருஷனும் ஞாபகமில்லை. குண்டு கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. தொள்ளாயிரத்து அறுபதில் ஆட்டம் முடிந்தது. தெருவே கைதட்டியது.

இவர் தட்டவில்லை. கப்பல் படத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "சாயம் போகும்போல இருக்கு. வேண்டாம்" என்று நடையைக் கட்டினார்.

ஜன்னல் தப்பித்தது. அன்று சாயங்காலம் ஜம்பமாக அங்கே உட்கார்ந்து ஜாக்கெட் தைத்தேன். இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, மறுபடி பிரித்தேன். விரல் பின்பால் பொத்தானைத் தேடியது.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் ரசூல் பாய் கடைக்கே போய்விட்டேன். கப்பல் பின்பால் முன்னால் ஒருவர் சட்டை நனைய ஆடிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"காலைலேர்ந்து ஆடிக்கினுகீறார்மா" என்றார் பாய். "தினம் வர்றார். இனிமே கேட்டாலும் இத்த நான் விக்கிறதா இல்ல. தெருவே காச எடுத்துக்கினு வருது."

இவர் திரும்பினார். "நீ எங்க இங்க?"

"நூல்கண்டு வாங்க வந்தேன். நீங்க?"

"பேங்குக்கு."

பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எண்ணூத்தி இருவது வரைக்கும் வந்துட்டேன்" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

"தள்ளுங்க" என்றேன்.