பூஞ்சைக்குக் கோட்டை

என் தம்பி எட்டாம் மாதத்தில் பிறந்தவன். கையில் வாங்கியதுமே அப்பா, "என்ன, இப்படிப் பூஞ்சையா இருக்கான்" என்றாராம். வைத்த பெயர் சான்றிதழோடு நின்றுவிட்டது. வீட்டில் அவன் பூஞ்சைதான். பூஞ்சைகளை ஆராயும் கூடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தபோது, "சொந்தக்காரங்களையே கொல்லப் போறியேடா" என்றேன்.

"அதுக்கும் சொந்தக்காரங்கதான் ஆயுதம்க்கா" என்றான்.

காளானும் பூஞ்சை இனம்தானாம். அதைக் காய்ச்சி இறக்கிய சாற்றால், உடம்பில் பற்றும் பூஞ்சைகளை ஒடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. ஒருநாள் என்னைக் காளான் அறைக்குள் அழைத்துப்போனான். குழாய்கள் ஊதிய பனி முழங்கால்வரை மிதந்தது. நீல வெளிச்சத்தில், தொங்கும் பைகளிலிருந்து காளான்கள் காதுமடல்களைப் போல எட்டிப்பார்த்தன. நாங்கள் பேசுவதை அவை கேட்பதாகத் தோன்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

அடுத்த அறையில் வட்டக் கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றிலும் வெண்பஞ்சாய்ப் படர்ந்த பூஞ்சை, நடுவே சாற்றில் நனைத்த காகிதப் பொட்டு. சாறு வேலை செய்தால் பொட்டைச் சுற்றிப் பூஞ்சை அண்டாமல் ஒரு வட்டம் தெளிந்திருக்கும். நிலவைச் சுற்றி வளையம் விழுந்தால் கோட்டை கட்டியிருக்கிறது என்போமே, அவர்களுக்கும் அதே சொல்தான். காலையில் வந்ததும், "கோட்டை கட்டியிருக்கா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

பிறகு அவனுக்கு ரத்தப் புற்று வந்தது. சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி கரைந்திருந்த நேரம், நுரையீரலில் பூஞ்சை பிடித்தது. இருக்கிற மருந்துகளுக்கு அது அசையவில்லை. தன் சளியிலிருந்து எடுத்த பூஞ்சையைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொண்டான். அதைத் தட்டில் வளர்த்தவர் அவனோடு வேலை பார்த்த நெட்டையர்; கூடத்தில் எல்லோருக்கும் அவர் ஒட்டகம். மூடியில் பாசமாக 'பூஞ்சை' என்று எழுதிவைத்தார். மறுநாள் தட்டுகளைக் கழித்த பெண், இங்கே எல்லாமே பூஞ்சைதானே, பெயர் போடாத பழைய தட்டு என்று நினைத்து, ஆவியில் வேகவைத்துக் கொட்டிவிட்டாள்.

கேட்டதும் தம்பி இருமும்வரை சிரித்தான். "அங்கயாவது வெந்து செத்துச்சே."

ஒட்டகம் மறுபடி வளர்த்தார். ஆஸ்பத்திரியில் தம்பி இருந்த தனியறைக்குள் யாரையும் விடமாட்டார்கள். நான் மட்டும் முகமூடியோடு உட்கார்ந்திருந்தேன். ஒட்டகம் வெளியே வந்து, குனிந்து, மூடிய தட்டை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப்பிடித்தார். பின்னால் மாலை வெயில். வெண்பஞ்சின் நடுவே அகலமான, சுத்தமான வட்டம். கோட்டை கட்டியிருந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சம் தம்பியின் போர்வையில் நிலவு போல விழுந்தது.

"டாக்டர்கிட்ட கேட்கிறேன்டா. இதையே கொடுக்கச் சொல்றேன்."

"அக்கா, அது தட்டுல கட்டின கோட்டை. நீ மனக்கோட்டை ஆக்கிடாத. உடம்புக்குள்ள எவ்வளவு போகணும், ஈரலை என்ன பண்ணும், யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கவே பல வருஷம் ஆகும்."

"உனக்குத் தெரிய வேணாம். பொழச்சா போதும்."

"நான் குடிச்சுச் செத்தா, சாறு கொன்னுச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அது பாவம்க்கா."

போர்வையில் விழுந்த வட்டத்தின்மேல் கையை வைத்தான். வெளிச்சம் அவன் கைமேல் ஏறிக்கொண்டது. அது மங்கும்வரை ஒட்டகம் அசையாமல் நின்றார். அந்த வாரமே தம்பி போய்விட்டான்.

அவனுடைய மேசைப் பொருட்களை வாங்கக் கூடத்துக்குப் போனேன். அந்தப் பூஞ்சையை உறைபெட்டியில் காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம். எந்த மருந்துக்கும் மசியாத முரடு என்பதால், புதிதாய் இறக்கும் சாறு எதுவானாலும் முதலில் அதன்மேல்தான் வைத்துப்பார்க்கிறார்கள். அதை வெறுப்பதா என்று எனக்குப் புரியவில்லை. பனி மிதக்கும் அறையின் வாசலில், காதுமடல்களைப் பார்த்தபடி நின்றேன்.

உள்ளிருந்து யாரோ கேட்டார்கள்: "புதுச் சாறு, நம்ம பூஞ்சைக்குக் கோட்டை கட்டியிருக்கா?"

"இன்னும் இல்ல" என்றார் ஒட்டகம். "பிடிவாதக்காரன்."

நானும் குரலைத் தாழ்த்தி, "ஆமா" என்றேன்.