அப்பாவுக்கு வெட்டிய குழி

விழுந்த மரத்தை ரம்பம் பாதி அறுத்திருந்தபோதே அண்ணன் அவளை ஓங்கி அறைந்தான். அப்பா இன்னும் மரத்துக்கு அடியில்தான் கிடந்தார். மரம் அறுப்பவர் ரம்பத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அறுங்க" என்றான் அண்ணன்.

ரம்பம் மறுபடி அலறியது.

"தண்ணிய மூடி அவரக் கொன்னுட்டல்ல? இப்ப திருப்தியாடி?"

அவள் வாய்க்குள் ரத்தம் கரித்தது. அப்பாவின் கை அப்படியே இவனுக்கு வந்திருக்கிறது, சனியன். அந்தப் பாதாம் தோப்பில் நடந்த சண்டையெல்லாம் தண்ணீர்ச் சண்டைதான். இலை மஞ்சளானால் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சொட்டுநீர் வால்வைத் திறப்பது. மேல்மண் உப்புப் பூத்து, வெடித்துக் கிடக்கும். "பாரு, நாக்கு வறண்டு கெடக்குது என் மரம்" என்பார். கீழே ஈரம் தேங்குது, வேருக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் காயவிட்டுப் பாய்ச்சலாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன வாரம் யாரையும் கேட்காமல் வால்வை மூடினாள். இன்று காலைதான் அப்பாவுக்குத் தெரிந்தது. ஸ்பேனரை எடுத்து அவள்மேல் வீசிவிட்டு, பேய்க்காற்றில் வெளியே போனார். வால்வைத் திறந்தும்விட்டார். அதற்கப்புறம்தான் மரம் அவர்மேல் சாய்ந்தது.

மறுநாள் அம்மா அவள் முகத்தையே பார்க்கவில்லை.

"வேர் காஞ்சுதான் மரம் விழுந்துச்சாமே. அண்ணன் சொல்றான்" என்றாள் சுவரைப் பார்த்து. "நீ குழிகிட்ட வராத."

வராமல் இருப்பாளா? தோப்பிலேயே தன்னைப் புதைக்கவேண்டும் என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அண்ணன் இரண்டு மரங்களுக்கு நடுவே கடப்பாரையைப் போட்டான். மண் 'ணங்'கென்று எதிர்த்தது.

"பாரும்மா! பாறையாக் காய வச்சிருக்கா."

கடப்பாரையை வைத்துவிட்டு அவன் மண்வெட்டியை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கப் போனாள். அவன் தள்ளினான். விழுந்தவள் எழுந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். "ஐயோ, பொணத்த வீட்டுல வச்சுக்கிட்டா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் மண்வெட்டி மகள் கைக்கு வந்திருந்தது. மேலோட்டை உடைத்தாள். இன்னொரு வெட்டு, இன்னொன்று. வெறி பிடித்தவள்போல வெட்டினாள். ஒரு சாண் இறங்கியதும் மண்வெட்டி சளக்கென்று புதைந்தது.

கறுப்புச் சேறு. அழுகின முட்டை நாற்றம். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் குழிக்குள் இறங்கி ஒரு வேரைப் பிடித்து இழுத்தான். வெந்த கிழங்கின் தோல்போல அதன் பட்டை அவன் கையோடு உரிந்து வந்தது. இன்னொன்றை இழுத்தான். அதுவும் அப்படியே.

"காஞ்சு விழலண்ணே" என்றாள் அவள், மூச்சிரைக்க. "முங்கிச் செத்துது. ஒரு வாரத்துல வந்ததில்ல இது. வருஷக்கணக்கா."

வால்வு நேற்றுத் திறந்தபடியே இருந்தது. குழியின் ஓரத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருந்தாலும் நீ மூடலன்னா அவர் இங்க வந்திருக்க மாட்டாரே" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பாவி மனுஷன், அந்தக் காற்றில் ஏன் போனார்?

அண்ணன் மேலே ஏறி, சேற்றுக் கையோடு வால்வுப் பக்கம் நடந்தான். திரும்பி வரும்போது வாளி ஒன்று கொண்டுவந்தான். சொட்டு நின்றிருந்தது. மறுபடி குழிக்குள் இறங்கினான். ஆனாலும் குழியின் பக்கங்களிலிருந்து தண்ணீர் கசிந்து, அவன் கணுக்காலுக்கு மேல் ஏறியது. குனிந்து மொண்டு, முகத்தைப் பார்க்காமல் வாளியை அவளிடம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். சுற்றிலும் மரங்கள். எங்கே கொட்டுவதென்று தெரியாமல் வாளியோடு நின்றாள்.