இரண்டு மெழுகு உருண்டைகள்

மேசையை விரித்து ஒன்றரை மணி நேரமாகியும் மெழுகுக்காரர் தான் கொண்டுவந்த ஐந்து ரேடியோக்களில் ஒன்றைக்கூடப் பாட விடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ரேடியோ, கிராமபோன் என்று பித்துப் பிடித்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடும் கண்காட்சி அது. வாடகைக்கு எடுத்த உள்விளையாட்டு அரங்கு முழுக்க நாற்பது மேசைகள், நாற்பது பாட்டு. ஒரு பாட்டும் உருப்படியாகக் காதில் விழாது, ஆனாலும் ஒருவரும் சத்தத்தைக் குறைக்க மாட்டார்கள்.

"என்ன மெழுகுக்காரரே, மெழுகு வெச்சாச்சா?" என்றார் பக்கத்து மேசை கிராமபோன்காரர். பல வருடமாக அவர் சொல்லும் காலை வணக்கமே இதுதான். மற்ற வருடங்களில் இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பேர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பழைய ரேடியோக்களில் ஒரு ரகத்துக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்திலேயே நேரடியாக மின்சாரம் ஏறிவிடும். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சாது, திருப்பிச் செருகினால் எமன். வெளியே மரப்பெட்டி இருப்பதால் கை படாது. ஆனால் சத்தத்தையும் ஸ்டேஷனையும் மாற்றத் திருகும் குமிழைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் சின்னத் திருகாணி ஒன்று குமிழின் ஓரத்துத் துளைக்குள் இருக்கும். தண்டு வழியாக அதிலும் மின்சாரம் ஏறும், விரல் பட்டால் போதும். அதனால் அந்தத் துளையை மிளகளவு மெழுகால் அடைத்துவிட வேண்டும். அதை மறந்தவன் ரேடியோவைத் தொடவே லாயக்கில்லாதவன் என்று இருபது வருடமாக மேசை மேசையாகப் போய், குமிழ் குமிழாகத் தடவிப் பார்த்து, பத்துப் பேர் முன்னால் வைத்துத் திட்டியவர் இவர்.

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். போன வருடம் இதே அரங்கில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இவர் மேசையில் இருந்த அந்த ரகத்து ரேடியோ ஒன்று பிடித்துப்போய் நின்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, குமிழ் ரெண்டும் இந்த செட்டோடது இல்லையே" என்றார். மெழுகுக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. உதிரி டப்பாவைக் கிளறி அசல் குமிழ்கள் இரண்டை எடுத்து அங்கேயே மாட்டித் திருகாணியை முடுக்கினார். மெழுகையும் இரண்டு உருண்டையாக உருட்டி டப்பா மூடியில் ஒட்டி வைத்தார். நடுவில் தன் கைத்திறமையைப் பற்றிப் பேச்சு வளர்ந்தது. வளர்த்தவர் அவர்தான். தபால்காரர் ரேடியோவைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து வீட்டில் அந்த டப்பாவைத் திறந்தபோது மூடியின் உட்புறத்தில் உருண்டைகள் இரண்டும் அப்படியே இருந்தன. கண்காட்சிக் குழுவிடம் ஏதோ சாக்குச் சொல்லித் தபால்காரரின் நம்பரை வாங்கினார். கூப்பிட்டு, ஒருமுறை மணி அடித்ததுமே போனை வைத்துவிட்டார். என்னவென்று சொல்வது? மெழுகுக்காரர் மெழுகு மறந்துவிட்டார் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் நாற்பது மேசைக்கும் போய்விடாதா? பிளக் சரியான பக்கம்தான் செருகியிருக்கும், காலில் செருப்பு இருக்கும், அடுத்த கண்காட்சிக்கு எப்படியும் வருவார், அப்போது நைசாக அடைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதற்கு மேல் அந்த நம்பரை அவர் தொடவில்லை.

பதினொரு மணிக்கு அந்த ரேடியோ வந்தது. தூக்கி வந்தவர் தபால்காரர் இல்லை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள். ஒரு வார்த்தை பேசாமல் அதை மேசையில் இறக்கிவிட்டு, கூட வந்த பெண்ணின் குடையை வாங்கிக்கொண்டு தூரத்துத் தூண் பக்கம் போய் நின்றுகொண்டார். பெண் மேசைக்கு நெருங்கி வந்தாள்.

"ஐயா, நீங்கதானே இதை எங்க அப்பாவுக்குக் கொடுத்தது?"

"ஆமாம்மா. அப்பா வரலையா?"

"அப்பா தவறிட்டாங்க. ஒன்பது மாசம் ஆச்சு."

மெழுகுக்காரருக்கு எப்படி என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். கேட்டார்.

"மாரடைப்புன்னாங்க. காலைல அம்மா வீடு துடைச்சு விட்டிருந்தாங்க. அப்பா வெறுங்காலோட ரேடியோகிட்ட நின்னு திருகிட்டிருந்தாங்க. அதோ நிக்கிறாரே, எங்க அண்ணன், அவருக்கும் அப்பாவுக்கும் அப்பதான் வாய்த்தகராறு. 'இந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டே சாவுங்க'ன்னு சொல்லிட்டு வாசப்படி தாண்டல, அப்பா விழுந்துட்டாங்க." அரங்கின் இரைச்சலில் அவள் குனிந்து காதருகே பேச வேண்டியிருந்தது. "கட்டைவிரல்ல கறுப்பா ஒரு புள்ளி இருந்துச்சு. சமையல்கட்டுல எங்கியாவது சுட்டிருக்கும்னு விட்டுட்டோம்."

மெழுகுக்காரரின் பார்வை குமிழ்களுக்குப் போனது.

"அம்மா அதுக்கப்புறம் அண்ணனை வீட்டுப்படி ஏற விடல. 'என் புருஷனைக் கொன்னவன் என் முகத்துல முழிக்கக் கூடாது'ன்னுட்டாங்க. அம்மாவும் போய் நாலு மாசம் ஆச்சு. நானும் அவரோட பேசறதில்ல. இன்னைக்கு இதைத் தூக்க வேற ஆள் கிடைக்கல, அதான்." அவள் ரேடியோவின் தலையில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். "பாட்டு ஒரே இரைச்சலா வருது, சரி பண்ணிக் கொடுங்க. அப்பா ஞாபகமா வெச்சுக்கணும். என் பொண்ணுக்கு அஞ்சு வயசு, எப்பப் பாத்தாலும் இதைத்தான் திருகிட்டே இருப்பா."

குமிழ்களின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். இரண்டு துளையும் வெறுமையாக இருந்தன. மெழுகை எடுத்து விரலிடுக்கில் உருட்டி, இளக்கி, இரண்டையும் அடைத்தார். ஒரு உருண்டை கீழே விழுந்துவிட, இன்னொன்று உருட்ட வேண்டியிருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கேட்பாரில்லை, சாட்சியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு பிழைத்திருக்கலாம். ஆனால் கண் அந்தத் தூண் பக்கமே போனது. பேசாத தங்கையின் குடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாட்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அந்த ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளிடம் சொல்லிவிட்டார். திருகாணி, மெழுகு, தான் மறந்தது, எல்லாவற்றையும். நம்பர் வாங்கியதை மட்டும் சொல்லவில்லை.

அவள் கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தார். அவள் முதலில் திரும்பித் தூணைத்தான் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

"என்னம்மா சொல்ற?"

"அம்மா சாவுக்கு வந்தவரை நான்தான் தெருவுலயே நிக்க வெச்சேன். நான்தாங்க. மழை பேஞ்சுது, உள்ள வான்னு சொல்லல. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நீ ஒண்ணும் பண்ணலன்னு போய்ச் சொல்லுவேன்? வேணாங்க. உங்களையும் நான் யார்கிட்டயும் காட்டிக்கொடுக்க மாட்டேன். விட்டுடுங்க."

மெழுகுக்காரருக்கு அப்போது நிம்மதிதான் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை. கழுத்துக்கு வந்த கத்தி விலகிய நிம்மதி. சரிம்மா என்று தலையைக்கூட ஆட்டிவிட்டார்.

"முடிஞ்சுதா?" அண்ணன் வந்து நின்றார். கேட்டது மெழுகுக்காரரிடம், தங்கை பக்கம் பார்வை போகவில்லை. குடையை ரேடியோ மேல் வைத்து, பெட்டிக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். அப்படியே நின்று குமிழ்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பாவின் கை கடைசியாக இருந்த இடம். பார்த்துவிட்டு, தப்புச் செய்தவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் திருப்பலை மெழுகுக்காரரால் தாங்க முடியவில்லை. "தம்பி, கொஞ்சம் இருங்க."

"ஐயா, வேணாம்" என்றாள் அவள்.

"உங்க அப்பா உங்க பேச்சால சாகல தம்பி. என்னாலதான். இந்தத் துளையில மெழுகு வெச்சு அடைக்கணும், நான் மறந்துட்டேன். ஷாக் அடிச்சுத்தான் போயிருக்காரு."

அண்ணன் ரேடியோவை மெதுவாக மேசையிலேயே இறக்கி வைத்தார். குமிழின் ஓரத்தில் இருந்த புது மெழுகை ஒரு விரலால் தொட்டார்.

"மறந்தது எப்பத் தெரிஞ்சுது?"

"வித்து ரெண்டாவது வாரம்."

"அப்பா அதுக்கப்புறம் ரெண்டரை மாசம் உயிரோட இருந்தாரு."

"ஆமா."

"எங்க வீட்டு நம்பர் இல்லையா உங்ககிட்ட?"

"இருந்துச்சு. கூப்பிட்டேன். ஒரு தடவை மணி அடிச்சதும் வெச்சுட்டேன்."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு."

அந்த ஆள் ஒன்பது மாதத்தில் முதல் முறையாகத் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வேணாம்னு சொன்னியே. எனக்குத் தெரிய வேணாம்னா?"

அவள் குனிந்து குமிழ்களைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வாசலை நோக்கி நடந்தார். வேகமாகக்கூட நடக்கவில்லை.

"அண்ணா!" என்று அவள் கூப்பிட்டாள். அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்டதோ கேட்கவில்லையோ, அவர் திரும்பவில்லை. அவள் மெழுகுக்காரர் பக்கம் திரும்பி, "இப்ப உங்களுக்கு நிம்மதியா?" என்று கேட்டுவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் அவர் பின்னால் ஓடினாள்.

மூன்று மணி, நான்கு மணி என்று மெழுகுக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவுக்கு யாரும் வரவில்லை, குடைக்கும் வரவில்லை. மேசைகள் ஒவ்வொன்றாக மடங்கின, பாட்டும் ஒவ்வொன்றாக நின்றது. கிராமபோன்காரர் தன் பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நல்ல செட்டா இருக்கே. மெழுகு வெச்சாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"வெச்சாச்சு" என்றார் மெழுகுக்காரர்.