அரைக் கட்டையை இறக்கியது யார்

வில்யாண்டி ஊர்ப் பாடகர் குழு ஏழு நிமிடப் பாட்டு ஒன்றை இரண்டு கட்டைச் சுருதியில் ஆரம்பித்து ஒன்றரைக் கட்டையில் முடித்துக்கொண்டிருந்தது. வாத்தியம் கிடையாது, இருபத்தாறு பேரின் வெறும் குரல்தான். வழியில் எங்கேயோ அரைக் கட்டை காணாமல் போய்க்கொண்டிருந்தது. எடுப்பவர் யார் என்பதுதான் ஹெல்துரின் கவலை.

ஹெல்துர் வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில் ஆய்வாளர். பிரேக் அருமையாக இருக்கிறது என்று கார்க்காரர் சொன்னால் முதலில் பிரேக்கைத்தான் பிரிப்பார். குழுவில் அடிக்குரல், கடைசி வரிசை, பத்தொன்பது வருஷ அனுபவம்.

சதுப்பு நிலத்தில் விடியற்காலைப் பனி எழுவதைப் பற்றி இளம் இசையமைப்பாளர் ஒருத்தி போன வருஷம் எழுதிய பாட்டு அது. மொத்தம் பதினொரு சொற்கள். சோகம் என்றும் சொல்ல முடியாது, சோகம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இசைத்தாளின் தலையில், ‘நிமிடத்துக்கு நாற்பது தாள அடி. ஒருவரை ஒருவர் நம்பிப் பாடவும்’ என்று போட்டிருந்தாள். இதயம் அந்த வேகத்தில் துடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். அவ்வளவு மெதுவாகப் பாடினால் சுருதி வழுக்கும். நம்பிக்கை அதற்கு முன்பே வழுக்கிவிட்டிருந்தது.

ஏப்ரலில் தேர்வு. நடுவர் தேறியது என்று எழுதினால்தான் ஜூலையில் தலைநகர் தாலினின் பாட்டுத் திருவிழாவில் நிற்க முடியும். போன முறை தேறவில்லை. அவரவர் வீட்டில் டிவியில் பார்த்தார்கள். தாலினில் மழை. அதில் நனையக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

ஹெல்துரின் சந்தேகம் முதலில் ரைவோவின் மேல் விழுந்தது. புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர், பக்கத்து நாற்காலி.

“வாயை இன்னும் கொஞ்சம் திறந்து பாடுய்யா,” என்றார் ஹெல்துர்.

“அதை நான்தான் மத்தவங்ககிட்ட சொல்லுவேன்,” என்றார் ரைவோ.

முன்வரிசையிலிருந்து லெய்டா திரும்பினாள். மருந்துக்கடைக்காரி. “அடிக்குரல்காரங்க சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. பனி மேல எழும்பணும். நீங்க ரெண்டு பேரும் அதைப் பாதாள அறைக்கு இழுத்துட்டுப் போறீங்க.”

மார்ச்சில் அதிசயம் நடந்தது. பாட்டு முடிந்ததும் குழுத்தலைவி விர்வே சுருதி பார்க்கும் இசைக்கவையைத் தட்டி மேஜையில் ஊன்றிக் காட்டினார். இம்மி பிசகவில்லை, சரியாக இரண்டு கட்டை. எல்லோரும் கைதட்டினார்கள். ஹெல்துர் தட்டவில்லை. தானாகச் சரியான பிரேக்கைப் போல ஆபத்தானது வேறில்லை என்பது அவர் தொழில் கற்றுத்தந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தன் சொந்தக் கவையோடு வந்தார். விர்வே வழக்கம்போலத் தன் கவையைக் காதோரம் வைத்துக் கேட்டு, முதல் ஸ்வரத்தை முனகிக் கொடுத்தார். அதே நொடியில் ஹெல்துர் முழங்காலில் தட்டி, கவையின் காம்பைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டார். அவருக்கு மட்டும் கேட்டது. விர்வே கொடுத்தது இரண்டரைக் கட்டை.

காபி இடைவேளையில், கோட்டு மாட்டும் இடத்தில் அவரை மடக்கினார்.

“விர்வே, நீங்க ஏத்திக் குடுக்கறீங்க.”

விர்வே மீன் வைத்த கறுப்பு ரொட்டியை மென்று முடித்தார். “நீங்க இறங்குவீங்க. இறங்கின இடம் சரியா இருக்கணும்னா ஏத்தித்தானே விடணும்? நடுவர் கடைசியிலதான் கவையைத் தட்டுவார்.”

“சரி, இறக்கறது யாரு? அதைச் சொல்லுங்க.”

“இருபத்தாறு பேரும். ஆளுக்குக் கொஞ்சம்.”

“நான் இல்லை.”

“இருபத்தஞ்சு பேர் ஏற்கெனவே வந்து அப்படித்தான் சொல்லிட்டாங்க ஹெல்துர். தயவுசெஞ்சு இதை வெளிய விடாதீங்க. தெரிஞ்சா உஷாராயிடுவாங்க. உஷாரானா கெட்டுது.”

ஹெல்துர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ரைவோவிடம் மட்டும் சொன்னார், அதுவும் அவர் முகம் மாறுகிறதா என்று பார்ப்பதற்காக. மாறவில்லை. பல் டாக்டர்களுக்கு அந்தப் பயிற்சி உண்டு.

தேர்வு நாள். நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விர்வே இரண்டரைக் கட்டையைக் கொடுத்தார். பாட்டு எழுந்தது. நாற்பது அடி வேகம். வழக்கமாக இறங்கும் மூன்றாம் பக்கத்தில் ஒருவரும் இறங்கவில்லை. ஐந்தாம் பக்கத்திலும் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் இழுத்துவிடுவார் என்று பயந்து, சுருதியைக் கொடிக்கயிறுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விர்வே உள்ளங்கையால் கீழே, கீழே என்று கெஞ்சினார். அதை மெதுவாகப் பாடச் சொல்வதாக எடுத்துக்கொண்டு மெதுவாகப் பாடினார்கள். ஒரு மயிரிழைகூட இறங்காமல் முடித்தார்கள்.

நடுவர் கவையைத் தட்டினார். புருவம் சுருங்கியது. மறுபடி தட்டினார்.

“அரைக் கட்டை கூட இருக்கு. ஆரம்பத்துல எதைக் குடுத்தீங்க மேடம்?”

விர்வேயின் காது சிவந்தது. ஜூலை மாதம் அந்த அறையைவிட்டு மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது.

“ரெண்டு கட்டைங்க,” என்றார் ஹெல்துர், கடைசி வரிசையிலிருந்து. சோதனை நிலையத்தில் ஒரு பழைய காரைக்கூடச் சும்மா விடாத மனிதர். “என்கிட்டயும் கவை இருக்கு. தட்டிப் பார்த்தேன்.”

நடுவர் அவரையும், அவர் உயர்த்திக் காட்டிய கவையையும் பார்த்தார். “அப்போ ஏறியிருக்கீங்க! முப்பது வருஷமா இறங்கற குழுவைத்தான் கேட்டுட்டிருக்கேன். ஏறின குழு இதுதான்.” தாளில் எழுதினார்: ‘தேறியது. பனி சற்று அதிகமாகவே எழுந்துவிட்டது.’

திரும்பும் பேருந்தில் எல்லோரும் ரொட்டியைப் பிரித்தார்கள். லெய்டா மழைக்கோட்டு வாங்குவதைப் பற்றிப் பேசினாள். ஹெல்துர் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் எதைக் கொடுத்தீர்கள் என்று நடுவர் கேட்டபோது ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“ரைவோ,” என்றார், “நான் சொன்னதை யார்கிட்டயாவது சொன்னியா?”

“யார்கிட்டயும் இல்லையே,” என்றார் ரைவோ.

ஹெல்துர் கவையை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை. அந்த ‘இல்லையே’ அரைக் கட்டை ஏறியிருந்தது.