கோதுமை சாலட்டும் சளி மருந்து பாட்டிலும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது சமையல் குறிப்பாக இருந்திருக்க வேண்டியது. விருந்துக்கு முதல் நாளே செய்து வைக்கக்கூடிய குளிர்ந்த தானிய சாலட் ஒன்று கோடை இதழுக்கு வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதுவும் சுமாராக. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கும் உட்கார்ந்து எழுதும்போதுதான் சமையல் குறிப்பு என்ற வடிவமே கோணல் என்று பட்டது.

முதல் வரி இது: "முழுக் கோதுமையை ஊறவைத்து, குழையாமல் வேகவைத்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு—"

யார் ஆறவிடுவது? கோதுமை தானாகவா தட்டில் ஏறிப் படுத்துக்கொள்ளும்? இப்படி யோசித்ததுதான் வினை. தட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டார்.

2

ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள், பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதே அவளுக்குப் பிழைப்பு. வெயில் காலத்தில் ஒரு ஞாயிறு அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சொந்தமெல்லாம் கூடும். யாரும் அடுப்படியில் வேகக் கூடாது என்பதால் ஆளுக்கொரு பண்டம் முதல் நாளே செய்து கொண்டுவர வேண்டும். மெக்கானிக்குக் கொடுத்திருந்த பொறுப்பு ஐஸ்கட்டி. அதைக்கூட ஒரு வருடம் தண்ணீராகத்தான் கொண்டுவந்தார்.

அப்படிப்பட்டவர் இந்த வருடம் தானே போன் செய்து, "நான் சாலட் கொண்டு வர்றேன்" என்றார். மகள் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைச் சரிபார்த்தாள்.

(காரணத்தை வாசகரிடம் மறைத்து வைத்துக் கடைசியில் உடைக்கலாம் என்று பார்த்தேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவர் ஒரு மருந்துக்கடைக்காரம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார். மகள் வேண்டாமென்றால் விட்டுவிடுவதாக அந்த அம்மாவிடமே சொல்லியும் விட்டார். அந்த அம்மாவும் "சரி சார்" என்றுவிட்டார். அந்தச் "சரி சார்" மெக்கானிக்கைத் தூங்கவிடவில்லை.)

3

இருவரும் சந்தித்த விதத்தை மூன்று முறை எழுதினேன். முதலில், அந்த அம்மா லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார், இவர் கதவுக்கு வெளியே நின்று தைரியம் சொல்கிறார், குரலைக் கேட்டே— எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டு, மெக்கானிக்குக்கு வாயுத்தொல்லை கொடுத்தேன். கதை உடனே நம்பும்படி ஆகிவிட்டது.

கடைச் சாப்பாடு சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு கெட்டு, அடிக்கடி மாத்திரைக்கு வந்து நின்றார். ஒரு நாள் அந்த அம்மா மருந்துச் சீட்டைக் கவுன்டருக்கு அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, "சார், இனிமே மாத்திரை கிடையாது. சமைக்கக் கத்துக்குங்க" என்றார்.

"யாரு மேடம் சொல்லித் தருவா?"

"கேக்குற கேள்வியைப் பாரு" என்றார் மேடம்.*

* இந்த வயதில் காதலிப்பவர்கள் சாரும் மேடமுமாகத்தான் இருப்பார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட வையுங்கள் என்று கேட்காதீர்கள். நானும் முயன்றேன், இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

4

இப்போது சமையல் குறிப்பு. ஆசிரியருக்காக.

கோதுமை ஆறிய பிறகு வெள்ளரி, வெங்காயம், புதினா. எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் உப்பும் அடித்த கலவை. மேடம் போனில் தெளிவாகச் சொன்னார்: "பாதி மட்டும் இப்ப ஊத்துங்க. தானியம் ராத்திரி பூரா குடிச்சுக்கிட்டே இருக்கும். மீதியைப் பரிமாறும்போது ஊத்தணும்."

பாதி! பாதி முறுக்கிய போல்ட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் அவர் தொழிலில் கிடையாது. அப்படிப் போனால் அடுத்த நாள் பத்திரிகையில் வரும். கை சும்மா இருக்கவில்லை. முழுவதையும் ஊற்றி, நன்றாகக் கிளறி, மூடி, திருப்தியாகப் படுத்துவிட்டார்.

மகளிடம் சொல்ல வேண்டியதையும் அவர் முன்கூட்டியே தயார் செய்திருந்தார். வேலை நேரத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று ஒத்திகை பார்த்தார். "அம்மா இடத்துக்கு யாரும் வர முடியாதும்மா. ஆனா..." குரல் அத்தனை மாடியிலும் எதிரொலித்தது. நடுமாடியில் யாரோ ஒரு பெண்மணி கதவிடுக்கில் வாயை வைத்து, "ஆனா? மேல சொல்லுங்க!" என்றார். ஆனாவுக்குப் பிறகு அவரிடம் ஒன்றும் இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. கொல்லைப்புறத்தில் பச்சைத் துணிப்பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர் பாத்திரத்தைத் திறந்தார். சாலட் வறண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஜல்லி மாதிரி கிடந்தது. அவருடைய அக்கா, அதாவது மகளுக்கு அத்தை, ஒரு வாய் போட்டுக்கொண்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"தம்பி, இதுல பாதி எண்ணெயை உன் மெஷினுக்குப் போட்டுட்டு வந்தியா?"

மெக்கானிக் பின்சுவரோரம் ஒதுங்கிப் போன் செய்தார். "மேடம், முழுசையும் ஊத்திட்டேன்."

"தெரியும் சார்" என்றார் மேடம். "நீங்க ஊத்துவீங்கன்னு நினைச்சேன். வாசல்லதான் நிக்கிறேன்."

(சத்தியமாக நான் அவரை வரச் சொல்லவில்லை. என் திட்டத்தில் அவர் கடையில் இருந்தார். அடுத்த பத்தியில் பார்த்தால் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.)

மேடம் நேராக வந்து, கைப்பையிலிருந்து பழுப்பு நிறச் சளி மருந்து பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். கழுவிய பாட்டில்தான். ஆனால் "சாப்பாட்டுக்குப் பின்" என்ற சீட்டு கிழிபடாமல் இருந்தது. மெக்கானிக் அதை அளவு மூடியில் ஊற்றி ஊற்றிச் சாலட்டில் கலந்தார். மொத்தக் குடும்பமும் பார்த்துக்கொண்டு நின்றது.

"அப்பா," என்றாள் மகள், "சாலட்டுக்கு எதுக்கு சளி மருந்து?"

"எலுமிச்சைம்மா."

"இவங்க?"

அம்மா இடத்துக்கு யாரும், ஒத்திகை, எதிரொலி, எல்லாம் அந்த ஜல்லிக்குள் போய்விட்டது. "இவங்கதாம்மா எனக்குச் சமைக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். காது மடல் வரை சிவந்திருந்தது. அதற்கு மேல் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அத்தைக்குக்கூட.

6

முடிவுகள்.

அ) மகள் ஒரு கரண்டி சாப்பிட்டுக் கண் கலங்கி இருவரையும் கட்டிக்கொள்கிறாள். (எனக்கே குமட்டுகிறது.)

ஆ) மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். மேடம் "சரி சார்" என்று கிளம்ப— (இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

இ) நடந்தது. மகள் தட்டை எடுத்துச் சாலட் போட்டுக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள். அப்பா முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தட்டு காலியானதும் மேடத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எங்கப்பா குறட்டை விடுவார், தெரியுமா உங்களுக்கு? அம்மா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுதான் தூங்குவாங்க."

தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று அத்தை ஆரம்பிப்பார். தெரியாது என்றால், மேடம் எதற்குத் தலையைக் கொடுக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை என்று ஆகிவிடும். நான் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மேடம் எனக்குப் பிடி கொடுக்கவில்லை. பதிலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பதில் எதுவானாலும் மெக்கானிக்கின் காதில் விழப்போவதில்லை. அம்மா போனதிலிருந்து அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மகள், இன்று பேசியிருக்கிறாள். அதையும் யாரிடம் சொன்னாள் பாருங்கள். பஞ்சு விற்கிறவரிடம்.